நாலாவது பத்தி

வண்டன்மேட்டில், ஏலக்காய்க்கு ஏலம் போடும் கட்டடத்தின் பின்புறம்
சங்கத்து ஆபீஸ்.
டைப் அடிப்பவன் நான். ஊர் கம்பம்.
மத்திய அமைச்சருக்கு வருஷம் எட்டுக் கடிதம்
என் விரல் வழியாகத்தான் மலை இறங்கும்.

முதல் பத்தியில் வணக்கம்.
இரண்டில் விலை.
மூன்றில் கப்பல்: குவாத்தமாலாவில் ஏறி
வளைகுடாவில் சாக்கு மாற்றிக்கொண்டு
தூத்துக்குடியில் இறங்கப்போகும் காய்.
ஒப்பந்தத்தில் கையெழுத்தாகுமுன் அதை நிறுத்த வேண்டும்.
நாலில் தொழிலாளர்.

போன கடிதத்தில் முப்பதாயிரம் குடும்பம்.
செயலாளர் அவுசேப்பச்சன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"அம்பதுன்னு இடு. கொச்சி எக்ஸ்போர்ட்காரங்க
எழுபதுன்னாக்கும் எழுதியிருக்கு" என்றார்.
கொச்சிக்காரர்களுக்குக் கப்பல் வர வேண்டும்.
அவர்கள் கடிதத்திலும் ஒரு நாலாவது பத்தி.
அதே அமைச்சர், அதே மேசை,
ஒருவேளை அதே பெண்கள்.

அன்றைக்கென்று பார்த்து மாயக்காள் வந்தாள்,
போனஸ் பாரத்தில் கைநாட்டு வைக்க.
தலையில் கொங்காணி, மழை சொட்டிற்று.
விடிகாலை நாலரைக்கு ஜீப்பில் பதினெட்டுப் பேரோடு
கம்பம்மெட்டு ஏறி வருகிறவள்.
"என்னப்பா இம்புட்டு நீளமா அடிக்கிற?"
தமிழில் சொன்னேன்.
"கொத்தமல்லிக்கும் ஏலத்துக்கும் என்ன சண்டை?"
கொத்தமல்லி இல்லக்கா, குவாத்தமாலா. ஒரு நாடு.
அங்கேயும் காய் எடுக்கிறார்கள்.
கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள்.
"அங்கிட்டும் அட்டை கடிக்குமா?"

அதற்கு ஒரு பத்தி இல்லை.

"அந்த அம்பதாயிரத்துல நான் எத்தனாவது?" என்றாள்.
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் கரண்ட் போனது.
காத்திருந்த நேரத்தில் சும்மா தோன்றியது ஒரு வரி:
'இந்த மண் தன் மணத்தை அடகு வைக்காது.'
வந்ததும் அடித்துச் சேர்த்தேன்.
அவுசேப்பச்சன் படித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடிதம் தனியாகப் போகவில்லை.
எட்டு மில்லி பச்சைக்காய், அரைக் கிலோ டப்பா நாற்பது
கூடவே விமானம் ஏறின.
எந்த வீட்டுப் பாயசத்தில் எது விழுந்ததோ,
ரசீது என்னிடம் இருக்கிறது, விலாசங்கள் இல்லை.

மூன்று மாதம் கழித்து, குமுளி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்
டிவி பேசிற்று.
ஒரு தூதரைக் கூப்பிட்டு விளக்கினார்களாம்.
பேச்சுவார்த்தை தள்ளிப்போகிறதாம்.
நாட்டின் உறுதியான நிலைப்பாடு, என்று நிறுத்தி,
இந்த மண் தன் மணத்தை...
இங்கிலீஷில் போய்த் தமிழில் திரும்பி வந்தும்
எனக்கு அடையாளம் தெரிந்தது.
கரண்ட் இல்லாத இருபது நிமிஷம்
நூற்று நாற்பது கோடிப் பேரின் நிலைப்பாடு ஆகியிருந்தது.
பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தவரிடம்
சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.

கிலோவுக்கு நூற்று முப்பது ஏறியது, இரண்டு வாரம்.
சங்கத்தில் ஜிலேபி.
கொச்சிக்காரர்கள் வேறு ஆள் பிடித்தார்கள் என்று பேச்சு.
கூலி அசையவில்லை.

மாயக்காள் மறுபடி வந்தாள்,
இம்முறை ஒரு வெள்ளைத்தாள் மடியில் வைத்து.
"எங்களுக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடு."
யாருக்கு அக்கா?
அவள் ஓட்டு கம்பத்தில், கூலி வண்டன்மேட்டில்,
காய் போவது ஜித்தாவுக்கு.
எந்த எம்.எல்.ஏ., எந்த எம்.பி., எந்த அமைச்சர்?
'மாண்புமிகு' என்று அடித்துவிட்டு
கர்சர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சங்கம்னு கீழ போடணுமோ?"
ஆமாம்.
"எத்தனை பேரு இருந்தா சங்கம்?"

கீழே ஜீப் ஹாரன்.
பதினேழு பேர் ஏறிவிட்டார்கள், இவள்தான் பாக்கி.
தாளை அங்கேயே விட்டு ஓடினாள்.

அவள் நின்ற ஈரத்தில் ஓர் அட்டை,
மேசைக்கால் எது என்று யாரும் சொல்லித்தராமலே
ஏறிக்கொண்டிருந்தது.